கீழ்நீர்ச் சாடிகளில் மரக்கறிப் பயிர்ச்செய்கை

மாரி ஓய்ந்து மாசி பிறக்கும்போது எமது உலர் வலயத்து வீட்டுத் தோட்டங்கள் செழிப்பாகவே காணப்படும். பங்குனியில் கத்தரி இலைகள் நண்பகலிற் சோரத் தொடங்கும். சித்திரையிற் கிணற்று வாளியின் கயிற்றுக்கு இன்னும் ஒரு முழம் வேண்டியதாகும். வைகாசியிற் சோளகக் காற்று எழுந்ததும், காலையில் ஊற்றிய நீர் மாலைக்குள் மறைந்துவிடும். சமையலுக்கும் குடிப்பதற்கும் குளிப்பதற்கும் வேண்டிய நீரை முதலிற் கணக்கிடும் குடும்பம், கடைசியில் தோட்டத்தையே கைவிடும். பூத்து நிற்கும் மிளகாயும் பிஞ்சு பிடித்த தக்காளியும் இன்னுஞ் சில கிழமைகளில் பலன் தரவிருந்த நிலையிற் கருகிப்போகும். அதன் பின்னர் அதே மரக்கறியைச் சந்தையில் விலைகொடுத்து வாங்க நேரிடும். 2022ஆம் ஆண்டில் உணவுப் பொருட்களின் விலை ஏறியபோது, வளவில் நின்ற நாலு செடியின் பெறுமதியை அறியாத குடும்பம் இந்நாட்டில் இருந்திராது.

கோடையில் வீட்டுத் தோட்டத்தைக் காப்பாற்றுவதற்கு உகந்த எளிய முறையொன்று இத்துண்டுப் பிரசுரத்தில் விளக்கப்படுகின்றது. சாடியின் அடியில் நீரைச் சேமித்து, அந்நீர் தானாக மேலேறி வேரை அடையுமாறு செய்தலே அம்முறையாகும். இவ்வாறு அமைக்கப்படும் சாடியைக் கீழ்நீர்ச் சாடி எனலாம். பழைய வாளி, சிறு குழாய்த்துண்டு, தென்னந் தும்புத்தூள் ஆகியவற்றைக் கொண்டு எவரும் இதனை வீட்டிலேயே ஆக்கிக்கொள்ளலாம்.

நீரைச் சிக்கனப்படுத்த வேண்டியது ஏன்?

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றேனும் இல்லை. வழுக்கையாறும் மாரிக்காலத்தில் மாத்திரமே ஓடும். ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மாதங்களிற் பெய்யும் மழைநீர் சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளூடாக நிலத்தினுள் இறங்கிச் சேர்கின்றது. கிணறுகள் தரும் நீர் இதுவே. இந்நன்னீர், நிலத்தின் கீழுள்ள கடல்நீரின் மேல் மிதந்துகொண்டிருக்கின்றது. நன்னீர் சற்று இலேசானது. கடல்நீர் சற்றுப் பாரமானது. ஆகவே, நிலத்தடி நீர்மட்டம் கடல்மட்டத்திற்கு மேல் ஓர் அடி உயர்ந்து நிற்குமாயின், கடல்மட்டத்திற்குக் கீழே ஏறத்தாழ 40 அடிக்கு நன்னீர் நிலைத்திருக்கும். அளவுக்கு மீறி இறைத்து அவ்வோர் அடியைக் குறைத்தால், காலப்போக்கில் உவர்நீர் 40 அடி மேலேறிவிடும். கிணறு உவராவது இவ்வாறேயாகும்.

துலா மிதித்து நீர் இறைத்த காலத்தில், இறைக்கக்கூடிய நீரின் அளவை மனிதனின் உடல் வலிமையே வரையறுத்தது. இன்று நீரிறைக்கும் இயந்திரத்திற்கு அத்தகைய களைப்பு இல்லை. எனவே, களைப்பு செய்துவந்த கட்டுப்பாட்டை இனிக் கமக்காரரின் கணக்கே செய்தல் வேண்டும். வயலுக்கும் தோட்டத்திற்கும் உரிய பெரிய கணக்கு வேறு. வீட்டு வளவிற் சிந்தும் நீரை இன்றே குறைக்கலாம்.

மேலிருந்து ஊற்றும் நீர் எங்கே போகின்றது?

சாடியில் நிற்கும் செடிக்கு மேலிருந்து நீர் ஊற்றும்போது, அதில் ஒரு பகுதி அடித்துளையால் வழிந்து நிலத்திற் சேரும். இன்னொரு பகுதி மண்ணின் மேற்பரப்பிலிருந்து வெயிலாலும் காற்றாலும் ஆவியாகும். மணற்பாங்கான மண்ணாயின் வழிந்து போகும் நீரே மிகுதியாகும். எஞ்சிய நீர் ஒரு பகலுக்கேனும் போதாது. செடி காலையில் நனைந்து மாலையிற் காய்கின்றது. மறுநாள் மீண்டும் நனைகின்றது. இவ்வாறு மாறிமாறி நேர்வதாற் பூ உதிரும். தக்காளிக் காயின் அடிப்புறம் கறுத்து அழுகும். கல்சியச் சத்து நீருடன் சேர்ந்தே காயை அடைய வேண்டியிருப்பதால், நீர் தடைப்படும்போது அச்சத்தும் தடைப்படுவதே இவ்வழுகலுக்குக் காரணமாகும்.

நீர் மேலேறும் வகை

குத்துவிளக்கின் திரியை நோக்குக. எண்ணெய் கீழே கிடக்கின்றது. சுடர் மேலே எரிகின்றது. திரியின் இழைகளுக்கிடையேயுள்ள நுண்ணிய இடைவெளிகளினூடாக எண்ணெய் தானாகவே ஏறுகின்றது. மண்ணிலும் மயிர் போன்ற இத்தகைய நுண்துளைகள் உள. துளை சிறிதாயின் நீர் உயரமாக ஏறும். ஆனால் மெதுவாக ஏறும். துளை பெரிதாயின் விரைவாக ஏறும்; ஆனால் உயரம் குறையும். பருமணலில் நீர் சில அங்குலங்களுக்கு மேல் ஏறாது. களிமண்ணில் உயர ஏறுமாயினும் வேருக்கு வேண்டிய காற்று அங்கே இராது. தும்புத்தூளும் உக்கிய கூட்டெருவும் கலந்த கலவையில் ஏறத்தாழ 12 அங்குல உயரத்திற்கு நீர் போதிய அளவில் ஏறும். ஆகவே கீழ்நீர்ச் சாடியிற் கலவையின் ஆழம் 12 அங்குலத்தை மீறாதிருத்தல் நன்று.

செடி நீரை உறிஞ்ச உறிஞ்ச, அவ்விடத்தை நிரப்பக் கீழிருந்து நீர் ஏறும். செடி உறிஞ்சாத இரவில் நீரும் பெரும்பாலும் ஏறாது நிற்கும். எவ்வளவு நீர் வேண்டும் என்பதைச் செடியே தீர்மானிப்பது இம்முறையின் சிறப்பாகும்.

நெல்லுக்கும் மரக்கறிக்கும் உள்ள வேற்றுமை

நெற்செய்கையில் அனுபவமுள்ள கமக்காரர் ஒருவர் இவ்விடத்தில் ஒரு வினா எழுப்பக்கூடும். நெற்பயிர் நீரிலேயே நின்று வளர்கின்றது. அவ்வாறாயின் கத்தரியையும் நீர் நிறைந்த சாடியில் நட்டுவிட்டால் என்ன?

நெற்பயிரின் தண்டிலும் வேரிலும் காற்று செல்வதற்கான இடைவெளிகள் இயற்கையாகவே அமைந்துள்ளன. இலைவழியே புகும் காற்று அவ்விடைவெளிகளூடாக வேர்வரை இறங்குகின்றது. கத்தரி, மிளகாய், தக்காளி ஆகியவற்றுக்கு இவ்வசதி இல்லை. அவற்றின் வேர் மண்ணிலுள்ள காற்றையே சுவாசிக்கின்றது. நீர் தேங்கினால் வேர் மூச்சடைத்து அழுகும். நீர் நிறைய இருந்தும் செடி வாடும். ஆகவே நீருக்கும் வளர்ப்புக் கலவைக்கும் இடையே காற்று நிற்கும் ஓர் இடைவெளி இருத்தல் இன்றியமையாதது. இவ்விடைவெளியை மறந்து செய்யப்படும் சாடி, துளையில்லாத சாடிக்கே ஒப்பாகும்.

வேண்டிய பொருட்கள்

1. 20 லீற்றர் கொள்ளளவுள்ள மூடியுடன் கூடிய பிளாத்திக்கு வாளி ஒன்று. உணவுப் பொருள் அடைத்து வந்த வாளி மிகவும் ஏற்றது. பூச்சிநாசினி, களைநாசினி ஆகியவை இருந்த கொள்கலன்களை எத்துணை கழுவினும் பயன்படுத்தலாகாது.

2. ஓர் அங்குல விட்டமுள்ள பீ.வீ.சீ. குழாய், 18 அங்குல நீளம். இதனை நிரப்புகுழாய் என்போம்.

3. 3 அங்குல உயரமுள்ள பிளாத்திக்குக் குவளை ஒன்று. தயிர் அடைத்து வரும் குவளை போதும். அது கிடையாவிடின் பெரிய சிரட்டை ஒன்றைக் கொள்ளலாம். இதனைத் திரிக்கிண்ணம் என்போம்.

4. இடைத்தளத்தைத் தாங்குவதற்குத் திரிக்கிண்ணத்தின் உயரத்திற்கு வெட்டப்பட்ட, 2 அங்குல விட்டமுள்ள குழாய்த்துண்டுகள் மூன்று அல்லது நான்கு.

5. பழைய சாக்குத் துண்டு ஒன்றும் நுளம்பு வலைத் துண்டுகள் இரண்டும்.

செய்யும் முறை

முதலில் வாளியின் மூடியை, வாளியினுள்ளே 3 அங்குல உயரத்தில் வட்டமாகப் பொருந்தும் அளவுக்கு வெட்டுக. இதுவே இடைத்தளம். இதன் நடுவிலே திரிக்கிண்ணத்தின் வாய் அளவுக்குச் சற்றுக் குறைந்த துளையொன்றும், ஓரத்தில் நிரப்புகுழாய் புகுவதற்கான துளையொன்றும் வெட்டுதல் வேண்டும். எஞ்சிய பரப்பிற் காற்று செல்வதற்காகக் கால் அங்குலத் துளைகள் இருபது வரை இடுக. சூடாக்கிய ஆணி இதற்குப் போதுமானது. பிளாத்திக்கு உருகும்போது எழும் புகையைச் சுவாசியாதிருக்க, இவ்வேலையை வெளியிடத்தில் வைத்துச் செய்க.

திரிக்கிண்ணத்தின் பக்கங்களிலும் அடியிலும் பல சிறு துளைகள் இடுக. நீர் இத்துளைகளாற் புகுந்து கிண்ணத்திலுள்ள கலவையை நனைத்து மேலேறும்.

நிரப்புகுழாயின் கீழ்நுனியைச் சரிவாக வெட்டுதல் வேண்டும். நேராக வெட்டினால் அது வாளியின் அடியிற் படிந்து நீர் வெளியேறுவதைத் தடுக்கும்.

அடுத்து, வாளியின் பக்கத்தில், அடியிலிருந்து இரண்டரை அங்குல உயரத்திற் கால் அங்குலத் துளை ஒன்று இடுக. இது வழிவுத்துளையாகும். இடைத்தளம் 3 அங்குல உயரத்தில் அமைவதால், நீருக்கும் இடைத்தளத்திற்கும் இடையே அரை அங்குலக் காற்றிடைவெளி எப்பொழுதும் நிலைக்கும். பெருமழை பெய்யினும் மிகுந்த நீர் இத்துளையால் வெளியேறிவிடும். சாடியின் உயிர்நிலை இச்சிறு துளையே. துளையின் மேல் நுளம்பு வலைத் துண்டொன்றை இறுக ஒட்டிவிடுக.

தாங்கு துண்டுகளை வாளியினுள் நிறுத்தி, நடுவே திரிக்கிண்ணத்தை வைத்து, அதனைக் கலவையால் நிரப்பிக் கையால் நன்கு அழுத்துக. பின்னர் இடைத்தளத்தைப் பொருத்தி நிரப்புகுழாயைச் செருகுக. கலவை நிரப்பப்படுவதற்கு முன்னர் குழாயில் நீர் ஊற்றி, அது வழிவுத்துளையால் வெளிவருகின்றதா எனவும் வேறெங்கேனும் ஒழுகுகின்றதா எனவும் பார்த்துக்கொள்ளல் வேண்டும். எல்லாஞ் சரியாயின், இடைத்தளத்தின் மேல் சாக்குத் துண்டை விரித்து, திரிக்கிண்ணத்தின் வாய்க்கு நேரே மாத்திரம் அதனை வெட்டி நீக்குக. கிண்ணத்திலுள்ள கலவையும் மேலேயுள்ள கலவையும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தாலன்றி நீர் மேலேறாது.

இவ்வளவில் அமைந்த சாடியின் நீரறை ஏறத்தாழ 3 லீற்றர் நீரைக் கொள்ளும்.

வளர்ப்புக் கலவை

தோட்டத்து மண்ணை மாத்திரம் இட்டால் அது நீரிற் படிந்து இறுகிவிடும். பின்வரும் கலவை பெரும்பாலான மரக்கறிகளுக்கு ஏற்றது:

தும்புத்தூள் — 5 பங்கு
நன்கு உக்கிய கூட்டெரு — 3 பங்கு
மணல் கலந்த மேல்மண் — 2 பங்கு

தும்புத்தூளில் உப்பு இருத்தல் கூடும். ஆகையால் அதனை ஒரு நாள் நன்னீரில் ஊறவைத்து வடித்து, மீண்டும் ஒருமுறை அவ்வாறே செய்த பின்னர் பயன்படுத்துக. உக்காத சாணத்தைக் கலவையில் இடலாகாது. அது சூடேறி வேரைக் கெடுக்கும். வாடல் நோயினால் இறந்த கத்தரி, தக்காளி, மிளகாய் நின்ற நிலத்து மண்ணை இதற்கு ஒருபோதும் எடுத்தல் கூடாது. அந்நோய்க் கிருமி மண்ணில் நெடுங்காலம் உயிர்வாழ்வதாகும்.

நடுகையும் முதல் நீரும்

கலவையைச் சிறிது சிறிதாக இட்டு, மெல்ல அழுத்தி, வாளியின் விளிம்பிலிருந்து ஓர் அங்குலம் தாழ நிரப்புக. நான்கு தொடக்கம் ஐந்து கிழமை வயதான நாற்றைப் பிற்பகலில் நடுதல் நன்று. 20 லீற்றர் வாளியொன்றில் தக்காளிச் செடி ஒன்று அல்லது கத்தரிச் செடி ஒன்று அல்லது மிளகாய்ச் செடி இரண்டு போதும். ஆசையால் மிகுதியாக நட்டால், நீரும் சத்தும் ஒன்றுக்கும் போதாமற்போகும்.

நட்டவுடன் நீரை மேலிருந்தே ஊற்றுதல் வேண்டும். வழிவுத்துளையால் நீர் சொட்டும்வரை மெதுவாக ஊற்றுக. கலவை முழுவதும் நனைந்த பின்னரே கீழிருந்து நீர் ஏறும் தொடர் உண்டாகும். உலர்ந்த திரியில் எண்ணெய் ஏறத் தாமதிப்பதைப் போல, உலர்ந்த கலவையிலும் நீர் எளிதில் ஏறாது. நாற்று வேர் பிடிக்கும் முதற் பத்து நாட்களுக்குத் தேவை நேரின் மேலிருந்து சிறிது நீர் தெளிக்கலாம். அதன் பின்னர் நிரப்புகுழாய் வழியாக மாத்திரம் நீரிடுக.

கலவையின் மேற்பரப்பை வைக்கோல், காய்ந்த இலை அல்லது உமியால் இரண்டு அங்குலத் தடிப்புக்கு மூடிவிடுக. கோடைப் பிற்பகலில் வெயில் நேரே தாக்கினாற் பிளாத்திக்கு வாளி சூடேறி வேர் வெந்துவிடும். ஆகையால் வாளியின் மேற்குப் பக்கத்தில் கிடுகு ஒன்றைச் சாத்துக அல்லது வாளியை வெள்ளைச் சாக்கினாற் சுற்றுக.

எத்தனை நாளுக்கு ஒருமுறை நீர் நிரப்புவது?

இளநாற்றுக்கு ஒரு நிரப்பு ஒரு கிழமைக்கு மேலும் போதும். காய்த்து நிற்கும் தக்காளிச் செடியோ வெயிலும் காற்றும் மிக்க நாளில் ஒன்று தொடக்கம் இரண்டு லீற்றர் வரை உறிஞ்சக்கூடும். அப்பொழுது இரு நாட்களுக்கு ஒருமுறை நிரப்புதல் அவசியமாகும். தென்னோலை ஈர்க்கு ஒன்றைக் குழாயினுள் இறக்கி எடுத்தால், அது நனைந்துள்ள அளவு நீரின் ஆழத்தைக் காட்டும். ஈர்க்கின் நுனி மாத்திரம் நனைந்திருந்தால் அன்றே நிரப்புக.

பத்துச் சாடிகள் வைத்திருக்கும் குடும்பம், காய்ப்பு மிக்க காலத்திலும் நாளொன்றுக்கு ஏறத்தாழ 15 லீற்றர் நீரையே செலவிட வேண்டியிருக்கும். அஃது இரண்டு சிறு குடங்களுக்கு மேற்படாது. மாரியிற் கூரைநீரைச் சேமித்து மூடி வைத்திருக்கும் வீட்டாருக்கும், கிணறு உவராகி நீரை விலைக்கு வாங்கும் வீட்டாருக்கும் இவ்வளவு நீர் எட்டாததன்று.

இம்முறையைக் கைக்கொள்வோர் பெரும்பாலும் செய்யும் தவறொன்றை இங்கே குறிப்பிடுதல் வேண்டும். சில நாட்கள் ஊருக்குப் போய்த் திரும்பும்போது நீரறை வற்றியிருக்கும், கலவையும் உலர்ந்திருக்கும். அவசரமாகக் குழாயில் நீர் நிரப்பிவிட்டு, நீர் இருக்கின்றதென நம்பியிருப்பர். ஆனால் தொடர் அறுந்துவிட்டமையால் நீர் மேலேறாது. நீரறை நிறைந்திருக்கவே செடி வாடி இறக்கும். நீரறை ஒருமுறை வற்றிவிட்டால், நட்ட நாளிற் செய்தது போலவே மேலிருந்து நீர் ஊற்றித் தொடரை மீண்டும் உண்டாக்குதல் வேண்டும்.

அரிசி கழுவிய நீரை நீரறையினுள் ஊற்றுதல் தகாது. அது புளித்து நாறி, வேருக்குக் கேடு செய்யும். அதனைக் கலவையின் மேற்பரப்பிற் சிறிதளவு ஊற்றலாம். சவர்க்காரம் கலந்த நீரை எவ்விடத்திலும் ஊற்றலாகாது.

பசளையிடல்

கலவையிலுள்ள கூட்டெரு முதல் மூன்று நான்கு கிழமைகளுக்குப் போதுமானது. அதன் பின் இரு கிழமைகளுக்கு ஒருமுறை இரண்டு கைப்பிடி கூட்டெருவை மேற்பரப்பில், தண்டைத் தொடாமல் சுற்றிவர இட்டு மூடுபடையால் மூடுக. இரசாயனப் பசளை இடுவோர் அதனை மிகச் சிறிய அளவிலே பிரித்துப் பிரித்து இடுதல் வேண்டும். நிலத்திற்கெனக் கூறப்பட்ட அளவைச் சாடியில் இட்டாற் செடி கருகிவிடும். எப்பசளையையும் நீரறையிற் கரைத்து ஊற்றுதல் நன்றன்று.

சாடியில் இடப்படும் பசளை பெரும்பாலும் சாடிக்குள்ளேயே நிற்கின்றது என்பதும் ஓர் அனுகூலமாகும். தோட்ட நிலத்தில் அளவுக்கு மீறி இடப்படும் பசளையிலுள்ள நைத்திரேற்று, நீருடன் கீழிறங்கிக் கிணறுகளை அடைகின்றது. குடாநாட்டின் பல கிணறுகளில் நைத்திரேற்று மிகுந்திருப்பது ஆய்வுகளிற் கண்டறியப்பட்டுள்ளது. அத்தகைய நீர் கைக்குழந்தைகளுக்குத் தீங்கானது.

உப்புப் படிதல்

நீர் கீழிருந்து மேலேறுவதால், அதிலுள்ள உப்பும் மேலேறி மேற்பரப்பிற் படியும். சற்று உவரான கிணற்று நீரை உபயோகிக்கும் இடங்களில் இது விரைவில் நிகழும். இலை ஓரங்கள் கருகுவதும், கலவையின் மேல் வெண்மையான படை தோன்றுவதும் இதன் அறிகுறிகளாகும். மாதம் ஒருமுறை மேற்பரப்பிலுள்ள வெண்படையைச் சுரண்டி நீக்கி, கிடைக்கும் நீரில் மிக நல்ல நீரை மேலிருந்து ஊற்றி, வழிவுத்துளையால் நன்கு வெளியேற விடுக. மாரிக்காலத்தில் மழையே இவ்வேலையைச் செய்துவிடும். உவர்நீர் உள்ள இடங்களிற் போஞ்சியைத் தவிர்த்தல் நன்று. அது உப்பைச் சிறிதும் தாங்காது. தக்காளி ஓரளவு தாங்கும். பீற்றூட் அதனினும் மிகுதியாகத் தாங்கும்.

நுளம்பு பெருகாதவாறு காத்தல்

இப்பகுதியை ஒவ்வொருவரும் கவனத்துடன் வாசித்தல் வேண்டும். தேங்கிய நன்னீர் எங்குண்டோ அங்கு டெங்கு நுளம்பு முட்டையிடும். 2017ஆம் ஆண்டில் இந்நாட்டில் 1,86,000-இற்கு மேற்பட்ட டெங்கு நோயாளர் பதிவாகினர். நுளம்பு பெருகுவதைத் தடுப்பதற்கான 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டத்தின்படி, தம் வளவில் நுளம்பு பெருக இடமளித்தல் குற்றமுமாகும். சில கிலோ மரக்கறிக்காக வீட்டுப் பிள்ளையின் உயிரை ஆபத்துக்குள்ளாக்குதல் அறிவுடைமையாகாது.

கீழ்நீர்ச் சாடியின் நீருக்கு வெளியிலிருந்து செல்லும் வாயில்கள் இரண்டே உள. ஒன்று வழிவுத்துளை; மற்றையது நிரப்புகுழாயின் வாய். முன்னையதை வலையால் ஒட்டிவிடுக. பின்னையதன் வாயில் வலையைக் கட்டி, அதன்மேல் மூடியொன்றும் இடுக. வலையினூடாகவே நீர் ஊற்றலாம். கிழமைதோறும் ஒரு குறித்த நாளில் இரு வலைகளையும் பார்வையிடுக. முட்டையிலிருந்து நுளம்பு பறப்பதற்கு ஏறத்தாழ ஒரு கிழமை தொடக்கம் பத்து நாட்கள் செல்லும். ஆகையாற் கிழமைக்கு ஒருமுறை பார்த்தல் கட்டாயமாகும். வலை கிழிந்திருந்தால், சாடியைச் சரித்து நீரை முற்றாக வெளியேற்றி, புது வலை ஒட்டிய பின்னரே மீண்டும் நிரப்புக. பயிர் முடிந்த பின்னர் வெற்றுச் சாடியை வெளியிற் போட்டுவிடாது, தேய்த்துக் கழுவிக் கவிழ்த்து வைக்க. டெங்கு நுளம்பின் முட்டை உலர்ந்த சுவரில் மாதக்கணக்கில் உயிருடன் ஒட்டியிருந்து, நீர் பட்டவுடன் பொரிக்கும் தன்மையது.

கிழமைதோறும் இவ்வாறு பார்வையிட இயலாதவர்கள், நீரறை உள்ள சாடியைத் தவிர்த்துப் பின்வரும் மணல் தொட்டியை அமைத்துக்கொள்ளலாம்.

மணல் தொட்டி

நெடுக்காகப் பிளந்த 200 லீற்றர் பிளாத்திக்குப் பீப்பா இதற்கு ஏற்றது. அடியில் 6 அங்குல உயரத்திற்குக் கழுவிய மணல் இட்டு, நிரப்புகுழாயின் கீழ்நுனியை அம்மணலின் அடியிற் புதைத்து, மணலின் மேல்மட்டத்திற்குச் சற்றுக் கீழே வழிவுத்துளை இடுக. மணலின்மேல் சாக்கு விரித்துக் கலவையை நிரப்புக. நீர் மணலின் இடைவெளிகளில் மறைந்து நிற்பதால் நுளம்பு முட்டையிட இடம் கிடையாது. குழாயின் வாயை மாத்திரம் மூடினாற் போதும். ஆனால் மணலே பெரும்பகுதி இடத்தைப் பிடித்துக்கொள்வதால், வெறுமையான நீரறை கொள்ளும் நீரில் மூன்றிலொரு பங்கு அளவே இதிற் சேரும். கீரை வகைகளுக்கு இத்தொட்டி பெரிதும் உகந்தது.

புதைத்த மண்குடம்

பிளாத்திக்குப் பொருட்களை விரும்பாதோருக்கு மிகப் பழைய வழியொன்றும் உண்டு. மெருகிடாத மண்குடத்தை நிலத்தில் கழுத்தளவு புதைத்து, நீர் நிரப்பி, வாயை மூடிவிட்டால், குடத்தின் நுண்துளைகளால் நீர் கசிந்து சுற்றியுள்ள செடிகளின் வேரை அடையும். கி.மு. முதலாம் நூற்றாண்டைச் சேர்ந்த சீன விவசாய நூலொன்றில், வத்தகை இனப் பயிர்களுக்கு இவ்வாறு நீரிடும் முறை கூறப்பட்டுள்ளது. பூசணி, பாகல், புடோல் ஆகிய கொடிகளை ஒரு குடத்தைச் சுற்றி மூன்று நான்காக நடலாம். வாயை இறுக மூடி வைப்பது நுளம்புக்கும் ஆவியாதலுக்கும் ஒருங்கே தடையாகும்.

ஏற்ற பயிர்களும் ஏலாப் பயிர்களும்

தக்காளி, கத்தரி, மிளகாய், கறிமிளகாய், வெண்டி ஆகியன கீழ்நீர்ச் சாடியில் நன்கு வளரும். வல்லாரை, பொன்னாங்காணி, பசளி, கங்குங், புதினா, சலாது ஆகியன ஈரத்தை விரும்புவன; கோடையிலும் இவை இளமையாகவே நிற்கும். மரவள்ளி போன்ற கிழங்குப் பயிர்களுக்குச் சாடியின் ஆழம் போதாது. கற்றாழை போன்று உலர்வை விரும்பும் செடிகள் இதில் அழுகிவிடும்.

கீழ்நீர்ச் சாடி வயலுக்கோ சந்தைத் தோட்டத்திற்கோ பதிலாகாது. ஆயிரங் கன்று மிளகாயை வாளிகளில் வளர்த்து இலாபம் காண எண்ணுவோர் ஏமாற்றமடைவர். வீட்டுக் கறிக்கு வேண்டிய மரக்கறியைக் கோடை முழுவதும் தடையின்றிப் பெறுதலே இதன் பயனாகும். குனிந்து கொத்த இயலாத முதியோரும், நிலமில்லாது முற்றம் மாத்திரம் உடையோரும், வயல் வேலைக்குச் சென்று மாலையில் திரும்பும் பெண்களும் இதனாற் பெரிதும் நன்மையடைவர்.

நினைவிற் கொள்ள வேண்டியவை

1. கலவையின் ஆழம் 12 அங்குலத்தை மீறலாகாது.
2. நீருக்கும் இடைத்தளத்திற்கும் நடுவே காற்றிடைவெளி இருத்தல் வேண்டும்.
3. முதல் நீரை மேலிருந்து ஊற்றுக. நீரறை வற்றினால் மீண்டும் அவ்வாறே செய்க.
4. வழிவுத்துளையையும் குழாயின் வாயையும் வலையால் மூடுக, கிழமைதோறும் பார்வையிடுக.
5. மாதம் ஒருமுறை உப்பைக் கழுவி நீக்குக.

இவ்வாண்டு முதலில் ஒரேயொரு சாடியை அமைத்து, அதன் அருகே அதே வயதுடைய செடியொன்றை வழக்கமான முறையில் நட்டு, இரண்டுக்கும் ஊற்றும் நீரைச் சுவரிலே கோடிட்டுக் கணக்கு வைத்துப் பார்க்குக. எவர் சொல்லையும் நம்ப வேண்டியதில்லை. அக்கோடுகளே உண்மையைக் கூறும். மேலும் விளக்கம் வேண்டுவோர் தமது பிரதேச விவசாயப் போதனாசிரியரை அணுகலாம்.

கிணற்றில் எஞ்சும் ஒவ்வொரு வாளி நீரும் அடுத்த மாரிவரை நமது பிள்ளைகளுக்கு உரியது. அதனைச் சிந்தாமற் செடிக்கும் ஊட்டலாம் என்பதைக் கோடையிற் காய்த்து நிற்கும் ஒரு தக்காளிச் செடி அயலாருக்கு எடுத்துக்காட்டும்.